தோட்டத்திலிருந்து தோட்டத்திற்கு: பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகமும் எளிய பார்வையாளரும்

முன்னுரை

கெடா மாநிலத்தின் மெர்போக் சிறுநகரை அடுத்து, ஜெராய் மலையின் தென்சரிவில் அமைந்துள்ள பூஜாங் பள்ளத்தாக்குத் தொல்பொருள் அருங்காட்சியகம், மலேசியத் தமிழரின் பேச்சிலும் எழுத்திலும் அடிக்கடி இடம்பெறுவதாகும். 'கடாரம்' என்னும் பெயரோடு இணைத்தே அது பெரும்பாலும் நினைக்கப்படுகின்றது. எனினும் அதனைப் பற்றித் தமிழில் எழுதப்பெற்றவற்றுள் பல, அங்குள்ள பொருள்களின் வரலாற்றைக் கூறுவனவாகவே அமைந்துள்ளன. அப்பொருள்கள் எவ்வாறு அடுக்கப்பட்டுள்ளன, அவற்றைக் காண வருபவர் யாவர், கண்டு திரும்புபவர் எதனைப் பெற்றுச் செல்கின்றனர் என்னும் வினாக்களை எழுப்பிய எழுத்துகள் குறைவு.

ஒரு நாவலைத் திறனாயும்போது அதன் கதையை மட்டும் கூறி நாம் நிறைவடைவதில்லை. அது யாரை நோக்கிப் பேசுகின்றது, எதனைச் சொல்லாமல் விடுகின்றது என்றும் கேட்கின்றோம். அருங்காட்சியகமும் அவ்வாறு வாசிக்கத்தக்க ஒரு பனுவலே. அதனை இங்கு ஒரு குறிப்பிட்ட வாசகரின் இடத்தில் நின்று நாம் வாசிக்க முற்படுகின்றோம். அவர் கெடாவின் தோட்டப்புறங்களிலிருந்தோ, தோட்டம் விற்கப்பட்டபின் சுங்கை பட்டாணி, பீடோங், கூலிம் முதலிய நகரங்களின் குடியிருப்புகளுக்கு வந்து சேர்ந்த குடும்பங்களிலிருந்தோ வருபவர். கையில் அதிகப் பணம் இல்லாதவர். அவர் அங்குச் சென்று காணவேண்டியது என்ன, அதனைக் காண அவருக்குத் தடையாக இருப்பது எது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கட்டணமும் செலவும்

இவ்வருங்காட்சியகம் 1980ஆம் ஆண்டில் திறக்கப்பெற்றது. நுழைவுக் கட்டணமின்றிக் காணத்தக்க இடம் என்றே இது நெடுங்காலமாக அறியப்பட்டு வந்துள்ளது. ஆகவே, செலவு பற்றிப் பேசுவதற்கு இங்கு என்ன இருக்கின்றது என்று சிலர் கேட்கலாம். கட்டணம் வேறு, செலவு வேறு என்பதை இவ்விடத்தில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டியுள்ளது.

2025ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் மலேசியாவின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி. மாதத்தில் 26 நாள் வேலை எனக் கொண்டால் ஒரு நாளுக்கு ஏறத்தாழ 65 வெள்ளி வருகின்றது. அந்த வருமானத்தில் வாழும் ஐவர் கொண்ட குடும்பம் ஒன்று ஞாயிற்றுக்கிழமையொன்றில் மெர்போக்கிற்குப் புறப்படுவதாகக் கொள்வோம். பட்டர்வொர்த்திற்கும் பாடாங் பெசாருக்கும் இடையே ஓடும் கொமியூட்டர் தொடர்வண்டியில் சுங்கை பட்டாணிவரை குறைந்த செலவில் வந்துவிடலாம். அங்கிருந்து பீடோங், செமிலிங் வழியாக மெர்போக் செல்லும் இருபது கிலோமீட்டருக்கு மேற்பட்ட சாலையும், மெர்போக்கிலிருந்து அருங்காட்சியகம் வரையிலான எஞ்சிய இரண்டு மூன்று கிலோமீட்டரும்தான் சிக்கல். சொந்த வண்டி இல்லாதவர் வாடகைக்கு ஒன்றை அமர்த்தினால், போகவர ஆகும் செலவு ஒரு நாள் கூலியை எளிதில் விழுங்கிவிடும். வாயிலில் விடப்பட்ட கட்டணம் வழியிலேயே வாங்கப்பட்டுவிடுகின்றது எனலாம்.

இதற்கு நடைமுறை வழிகள் இல்லாமல் இல்லை. ஒரே குடியிருப்பைச் சேர்ந்த மூன்று நான்கு குடும்பங்கள் சேர்ந்து வேன் ஒன்றைப் பேசிக்கொண்டால் தலைக்கு ஆகும் செலவு பெரிதும் குறையும். கோயில் திருவிழாவிற்குச் செல்லும்போது நம் மக்கள் இதனைச் செய்தே வருகின்றனர். கட்டுச்சோறு கொண்டுசென்றால் உணவுக்குத் தனிச்செலவு இல்லை. காலையில் வெயில் ஏறுமுன் வெளியிலுள்ள கட்டடங்களைப் பார்த்துவிட்டு, வெயில் ஏறியபின் காட்சிக்கூடத்தினுள் செல்வது முதியோருக்கு ஏற்றது. மாலையில் அருகிலுள்ள துப்பா நீர்வீழ்ச்சியில் பிள்ளைகளைக் குளிக்கவிட்டுத் திரும்பலாம். ஒரு முழு நாளை இவ்வாறு சிறு செலவில் நிறைவாகக் கழிக்க இயலும். திறப்பு நேரத்தையும் நடப்பு விதிகளையும் முன்னரே தொலைபேசியில் கேட்டறிந்துகொள்வது மட்டும் இன்றியமையாதது.

ஆயினும் பணச்செலவே தடை என்றால் அதனைக் கூட்டு முயற்சியால் கடந்துவிடலாம். நம் கருத்தில், எளிய பார்வையாளர் அங்குக் கொடுக்கும் பெரிய விலை பணமன்று. அதனை விளக்கமுன், அவர் அங்குக் காண்பது யாது என்பதைக் கூறுதல் வேண்டும்.

தோட்டமாக அமைந்த கூடம்

தமிழில் 'தோட்டம்' என்னும் சொல் மலர்ச்சோலையையும் குறிக்கும். மலேசியத் தமிழில் அது பால்மரக் காட்டையும் அதன் லயங்களையும் சேர்த்தே குறிக்கும். தோட்டத்தில் பிறந்தேன் என்று ஒருவர் நம் நாட்டில் சொன்னால் எவரும் பூந்தோட்டத்தை நினைப்பதில்லை. மெர்போக் அருங்காட்சியகத்தின் சிறந்த பகுதி அதன் கட்டடத்திற்கு வெளியே, மலைச்சரிவில், ஓடையின் ஓரமாக அமைந்த தோட்டமே. அங்கு நான்கு பழங்கட்டடங்களின் அடித்தளங்கள் காட்சிக்கு உள்ளன. மலாய் மொழியில் இவை 'சண்டி' எனப்படும்.

இவற்றுள் புக்கிட் பத்து பகாட் சண்டி ஒன்றே தான் இருந்த இடத்திலேயே நிற்பது. 1930களில் குவாரிட்ச் வேல்ஸ் இதனை அகழ்ந்தார். பின்னர் அலஸ்டயர் லாம்ப் தலைமையில் மீண்டும் ஆராயப்பெற்று, 1960ஆம் ஆண்டளவில் அதன் அடித்தளம் சீரமைக்கப்பட்டது. கருங்கல்லால் அமைந்த இதில் கருவறைக்குரிய விமானப் பகுதியும், அதற்கு முன்னே மண்டபப் பகுதியும் தெளிவாகப் பிரிந்து தெரிகின்றன. தூண்களை நிறுத்துவதற்குரிய குழிவெட்டிய கற்கள் வரிசையாக உள்ளன. தூணும் கூரையும் மரத்தால் ஆனவை; அவை மக்கிப்போக, கல் மட்டும் எஞ்சியது. பெண்டியாட், பெங்காலான் பூஜாங், பெண்டாங் டாலாம் ஆகிய மற்ற மூன்றும் வேறு இடங்களிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து இங்கு மீண்டும் அடுக்கப்பட்டவை.

இவ்வமைப்பினைத் திறனாயும்போது இரண்டு கூறுகள் புலப்படுகின்றன. முதலாவது, பெயர்த்து நட்டதனால் அக்கட்டடங்கள் பாதுகாக்கப்பட்டன. அதே வேளையில் அவை நின்ற ஆற்றங்கரையும் வயலும் படகுத்துறையும் அவற்றிடமிருந்து பிரிக்கப்பட்டன. பெங்காலான் பூஜாங் என்னும் பெயரிலேயே படகுத்துறை உள்ளது. ஆனால் அதன் சண்டி இன்று மலையோரப் புல்வெளியில் நிற்கின்றது. துறைமுகத்துக் கோயில் தோட்டத்துக் கோயிலாகிவிட்டது. இரண்டாவது, சீராக வெட்டப்பட்ட புல்லும் நடைபாதையும் நிழல்மரமும் பார்வையாளருக்கு இன்பம் தருவன. ஆயினும் நான்கு கட்டடங்களும் ஒரே காலத்தில் ஒரே ஊரில் நின்றவை என்னும் மயக்கத்தையும் அவை தந்துவிடுகின்றன. ஜெராய் மலைக்கும் மூடா ஆற்றுக்கும் இடையே பரந்து கிடக்கும் ஐம்பதுக்கும் மேற்பட்ட தொல்லிடங்களையும், பல நூற்றாண்டுக் கால இடைவெளிகளையும் அத்தோட்டம் ஒரு மணி நேர நடையாகச் சுருக்கிக் காட்டுகின்றது.

இதனைக் குறையாக மட்டும் கூறுதல் நேர்மையாகாது. தோட்டப்புறத்துப் பார்வையாளர் இவ்விடப்பெயர்ச்சியை மற்றவரைவிட நன்கு உணரக்கூடியவர். தோட்டம் கைமாறியபோது, செம்பனைக்கோ வீடமைப்பிற்கோ நிலம் தேவைப்பட்டபோது, தம் மாரியம்மன் கோயிலைப் பெயர்த்து வேறிடத்தில் எழுப்பிய பட்டறிவு கெடாவின் பல குடும்பங்களுக்கு உண்டு. பெயர்க்கப்பட்ட கோயில் எதனை இழக்கும், எதனைக் காத்துக்கொள்ளும் என்பதை நூல் படித்து அறியவேண்டிய நிலையில் அவர்கள் இல்லை.

இரு கதைகள்

காட்சிக்கூடத்தினுள் சிலைத் துண்டுகளும், ஆவுடையார் முதலிய கல்லுறுப்புகளும், குழிகள் கொண்ட கற்பேழைகளும், மணிகளும், சீனப் பீங்கான் ஓடுகளும், மேலை ஆசியக் கண்ணாடித் துண்டுகளும் வைக்கப்பட்டுள்ளன. இவற்றைப் பொருள்படுத்த இதுவரை இரண்டு பெருங்கதைகள் சொல்லப்பட்டு வந்துள்ளன.

முதற்கதை வேல்ஸ் கூறியது. 1940ஆம் ஆண்டில் வெளிவந்த அவருடைய ஆய்வறிக்கையின் தலைப்பிலேயே 'பண்டைய இந்தியக் குடியேற்றம்' என்னும் கருத்து உள்ளது. அவருடைய பணி 'பரந்த இந்தியா' என்னும் கோட்பாட்டுச் சூழலில் நிகழ்ந்தது. இந்தியாவிலிருந்து வந்தோர் நாகரிகத்தைக் கொணர்ந்தனர். உள்ளூரார் பெற்றுக்கொண்டனர் என்பது அக்கோட்பாட்டின் சாரம். இரண்டாவது கதை, நாடு விடுதலை பெற்றபின் மலேசியத் தொல்லியலாளர் முன்வைத்தது. உள்ளூர் மக்கள் வாணிகத்தின்வழி வந்த சமயக் கூறுகளைத் தம் தேவைக்கேற்பத் தெரிந்தெடுத்து, உள்ளூர்ப் பொருள்களைக் கொண்டு, தம் கைத்திறத்தால் இவற்றை எழுப்பினர் என்பது அதன் சாரம். மரத்தூண்களும் மரக்கூரையும் இவ்விரண்டாம் கருத்திற்கு வலுச்சேர்ப்பன என்பது மறுக்கத்தக்கதன்று.

தமிழர் இவற்றுள் முதற்கதையையே விரும்பி எடுத்துக்கொண்டனர். நம்மிடம் அதற்குத் தக்க சான்றுகளும் இருந்தன. பட்டினப்பாலையில் குறிக்கப்படும் காழகத்தை நச்சினார்க்கினியர் கடாரம் என்று உரைத்தார். முதலாம் இராசேந்திரனின் மெய்க்கீர்த்தி, 1025ஆம் ஆண்டளவில் நிகழ்ந்த கடற்படையெடுப்பில் கடாரம் வெல்லப்பட்டதைக் கூறுகின்றது. இச்செய்திகள் பள்ளிப் பாடங்களிலும் மேடைகளிலும் சாண்டில்யனின் 'கடல் புறா' போன்ற தொடர்கதைகளின் வாசிப்பிலும் பெருகி, மெர்போக் என்றால் வெற்றி என்னும் எண்ணத்தை உண்டாக்கின.

இங்குத்தான் நாம் மாறுபட வேண்டியுள்ளது. வேல்ஸின் குடியேற்றக் கதை, பேரரசுகளின் காலத்தில், பேரரசுகளின் கண்கொண்டு எழுதப்பட்டது. 'நம் மன்னர் வென்ற நிலம்' என்று நாம் பெருமிதம் கொள்ளும்போது, நம்மை அறியாமலேயே அக்கண்ணைக் கடன்வாங்கிக்கொள்கின்றோம். மேலும், மெய்க்கீர்த்தி தன்னளவில் கூறுவது என்ன என்பதையும் நோக்குதல் வேண்டும். அது யானைகளையும் திரண்ட செல்வத்தையும் மணிகள் பதித்த வாயில்களையும் கைப்பற்றியதைப் பெருமையாக எடுத்துரைக்கின்றது. அதற்கு இருபதாண்டுகட்கு முன்னர், கடாரத்து மன்னன் நாகப்பட்டினத்தில் எடுப்பித்த சூடாமணி விகாரத்திற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரை முதலாம் இராசராசன் வழங்கியதை ஆனைமங்கலச் செப்பேடுகள் கூறுகின்றன. கொடுத்தலும் கொள்ளலுமாக இருந்த உறவில் படையெடுப்பு ஒரு நிகழ்ச்சி. மெர்போக் கூடத்திலுள்ள பொருள்களுள் பெரும்பாலானவை அந்நிகழ்ச்சியைப் பேசுவனவல்ல. மணியும் பீங்கானும் கண்ணாடியும் வாணிகத்தைப் பேசுகின்றன.

இவ்விரு கதைகளிலும் ஒன்று பொதுவாக உள்ளது. இரண்டும் 'இதனைக் கட்டியவர் எவ்வினத்தார்' என்னும் வினாவையே நடுவில் வைக்கின்றன. முதற்கதையை ஏற்கும் தமிழர் வாயிலில் பெருமிதத்தோடு நுழைகின்றார். இரண்டாம் கதையைக் கேட்கும் தமிழர் மனக்குறையோடு வெளியேறுகின்றார். இரண்டு நிலையிலும் அவர் கல்லைப் பார்ப்பதில்லை. எளிய பார்வையாளர் கொடுக்கும் பெரிய விலை என்று நாம் மேலே குறிப்பிட்டது இதனையே.

கையின் வரலாறு

விளக்கப் பலகைகள் தமிழில் இல்லாமையே சிக்கல் என்று கூறுவோர் உளர். தமிழ் விளக்கம் இருப்பின் நன்று என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் தோட்டப்புறத்துப் பிள்ளைகள் மலாய் மொழியை நன்கு படிப்பவர்களே. ஒருமுறை நாம் மாணவர்களுடன் அங்குச் சென்றிருந்தபோது, ஒரு பாட்டியும் அவருடைய பேரனும் ஆவுடையார் வைக்கப்பட்டிருந்த இடத்தில் நின்றிருந்தனர். பேரன் மலாய்ப் பலகையை எழுத்துக்கூட்டாமல் சரளமாகப் படித்தான். பொருள் சொல்லத் தெரியவில்லை. பாட்டி பலகையைப் பார்க்கவே இல்லை. கல்லின் ஒரு பக்கம் நீண்டிருந்த கோமுகத்தைச் சுட்டி, "அபிசேகத் தண்ணி போற வழிடா இது. நம்ம கோயில்ல நீ புடிச்சிக் குடிப்பியே, அந்த எடம்" என்றார். பையன் உடனே குனிந்து, நீர் எந்தப் பக்கம் விழும் என்று பார்த்தான்.

பலகை தராத அறிவை அம்முதியவர் தந்தார். அவ்வறிவு கடாரம் வென்ற பெருமையிலிருந்து வந்ததன்று. வாரந்தோறும் கோயில் கழுவிய கையிலிருந்து வந்தது. அருங்காட்சியகத்தை எளிய பார்வையாளர் எவ்வாறு வாசிக்கலாம் என்பதற்கு இந்நிகழ்ச்சியே நமக்கு வழிகாட்டியது. கட்டியவர் எவ்வினத்தார் என்று கேட்பதை நிறுத்தி, இதனைச் செய்ய எத்தகைய கை வேண்டியிருந்தது என்று கேட்டால், அங்குள்ள பொருள்கள் பேசத் தொடங்குகின்றன.

புக்கிட் பத்து பகாட் என்னும் பெயருக்கே உளியால் செதுக்கிய கல்லின் குன்று என்பதே பொருள். அக்குன்றின் பெயரில் மன்னன் இல்லை; கல்தச்சன் இருக்கின்றான். தூண் நிற்கும் கல்லில் வெட்டப்பட்டுள்ள குழிகளின் ஓரங்களைக் குனிந்து பார்த்தல் வேண்டும். எந்த அளவுள்ள மரத்தூண் அதில் இறங்கியிருக்கும் என்பதை மரவேலை அறிந்த எவரும் மதிப்பிடலாம். பெங்காலான் பூஜாங் சண்டியின் செங்கற்களைப் பார்க்கும்போது, சேற்றை மிதித்து, அச்சில் வார்த்து, காயவைத்து, சூளையிட்ட உழைப்பை எண்ணலாம். மணிகளின் முன் நின்றால், அவற்றின் நுண்துளைகளை இட்ட பொறுமையை நினைக்கலாம்.

இவ்வாறான வாசிப்பிற்குப் பெருந்துணையாக அமைவது, அருங்காட்சியகத்திற்குத் தென்கிழக்கே, சாலையோரச் செம்பனைத் தோட்டத்தினிடையே உள்ள சுங்கை பத்துத் தொல்லிடம். 2009ஆம் ஆண்டு முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தினர் அங்கு நடத்திய அகழாய்வில் இரும்பு உருக்கிய களங்களும், செங்கல் கட்டுமானங்களும், படகுத்துறையின் எச்சங்களும் வெளிப்பட்டன. உலைக்குக் காற்று ஊதிய சுடுமண் குழாய்களின் துண்டுகள் பெருந்திரளாகக் கிடைத்தன. அவ்விடத்தின் காலத்தைக் கி.மு. 8ஆம் நூற்றாண்டுவரை கொண்டுசெல்லும் முடிவும் அறிவிக்கப்பட்டுள்ளது. அறிஞரிடையே அது விவாதத்திற்கு உரியது, ஆயினும் கி.பி. முதல் நூற்றாண்டுகளில் அங்கு இரும்பு உருக்கும் தொழில் பெருகியிருந்தது என்னும் கருத்திற்கு அக்களங்களே சான்று. மன்னர்களின் பெயர் எதுவும் தெரியாத அவ்விடத்தில், வெப்பத்தின் முன் நின்று வேலை செய்தவர்களின் தடயம் மட்டும் நிறைந்து கிடக்கின்றது. பால்வெட்டுக் கத்தியைத் தீட்டித் தீட்டி வாழ்ந்த தலைமுறையின் வழிவந்தவர்க்கு இதனைவிட நெருக்கமான காட்சி வேறு இருக்க இயலாது.

கோயிலை மறந்துவிடுதல் வேண்டும் என்பது நம் கருத்தன்று. சைவமும் பௌத்தமும் இப்பள்ளத்தாக்கில் நிலவியமைக்குரிய சான்றுகள் வலுவானவை. செபராங் பிறை வட்டாரத்தில் ஜேம்ஸ் லோ கண்டெடுத்த, 5ஆம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் புத்தகுப்தன் கல்வெட்டு ஒரு மாலுமியின் வேண்டுதலாகும். 2023இல் புக்கிட் சோராசில் சுதையாலான திருவுருவங்கள் வெளிப்பட்டன. அவற்றையும் செய்தவரின் வழிநின்று பார்க்கும்போது, பக்தியும் உழைப்பும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல என்பது புலனாகும் என்பதே நாம் கூறவிழைவது.

2013இல் நிகழ்ந்தது

இது வாசிப்பு முறை பற்றிய வேறுபாடு மட்டுமே என்று எவரேனும் கருதலாம். அவ்வாறன்று என்பதை 2013ஆம் ஆண்டின் இறுதியில் நிகழ்ந்த ஒன்று காட்டுகின்றது. சுங்கை பத்துத் தோட்டத்திலிருந்த 11ஆம் எண் சண்டியின் எச்சங்கள், வீடமைப்பிற்காக நிலத்தைச் சமப்படுத்தியபோது இடித்தகற்றப்பட்டன என்னும் செய்தி அவ்வாண்டு டிசம்பரில் வெளியாயிற்று. நிலம் தனியாருடையது. அவ்விடம் அரசிதழில் பதியப்பெறவில்லை. 2005ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டம் நடப்பில் இருந்தும், பதிவு இல்லாத இடத்திற்கு அதன் காப்பு உரிய நேரத்தில் எட்டவில்லை. பிறகு கண்டனங்கள் எழுந்தன. மீட்டெழுப்புதல் பற்றிப் பேசப்பட்டது. இடித்த கல்லை மீண்டும் அடுக்கலாம். அது கிடந்த மண்ணடுக்கையும் அவ்வடுக்கில் இருந்த சான்றுகளையும் மீட்டல் இயலாது.

இந்நிகழ்ச்சியின் பொறுப்பு முதலில் சட்டத்திற்கும் நிர்வாகத்திற்கும் நிலவுடைமைக்கும் உரியது. தோட்டத்தில் வாழ்ந்த தொழிலாளி மீது அதனைச் சுமத்துதல் அநீதி. தம் குடியிருப்பையே காத்துக்கொள்ள இயலாதிருந்தவர் அவர். ஆயினும் தமிழ் படித்தவர்களாகிய நாம் நம்மை நோக்கிக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. கடாரத்தைப் பற்றி இத்தனை மேடைகளில் பேசிய நாம், அக்கற்கள் கிடந்த தோட்டத்தின் பிள்ளைகளுக்கு அவற்றை எப்போதேனும் காட்டினோமா? பாதையோரச் செம்பூறாங்கல் குவியல் ஒன்றைப் பார்த்து, 'இது எண்ணிடப்பட்ட தொல்லிடம். இதற்கு ஊறு நேர்ந்தால் இன்ன அலுவலகத்திற்குத் தெரிவிக்க வேண்டும்' என்று சொல்லத் தெரிந்த ஓர் ஆசிரியரையேனும் நாம் உருவாக்கினோமா? வென்ற மன்னனைப் பற்றிய பெருமிதம் அக்கற்களுள் ஒன்றையும் காக்கவில்லை. அது கற்களைப் பற்றிய அறிவாக ஒருபோதும் மாறவில்லை.

நெல்லுக்கு ஒரு கூடம்

ஒப்பீட்டிற்காக, கெடாவின் மற்றோர் அருங்காட்சியகத்தையும் இங்குக் கருதலாம். அலோர் ஸ்டாரை அடுத்த கெரியாங் குன்றின் அருகே 2004ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற நெல் அருங்காட்சியகம், கட்டிவைத்த நெற்கதிரை நினைவூட்டும் வடிவில் கட்டப்பட்டது. அதன் மேல்தளத்தில் வட கொரிய ஓவியர்கள் தீட்டிய வட்டச் சுவரோவியம் பார்வையாளரைச் சுற்றிலும் கெடாவின் வயல்வெளியாகச் சூழ்ந்து நிற்கின்றது. உழவு, நாற்று, அறுவடை ஆகியவற்றிற்குரிய கருவிகள் முறையாக வைக்கப்பட்டுள்ளன. உழவரின் அன்றாட உழைப்பு கண்ணாடிப் பேழைக்குள் வைக்கத்தக்க மதிப்புடையது என்பதை அக்கூடம் ஐயமின்றி நிறுவுகின்றது. அதற்கு நம் பாராட்டு உரியது.

1909இல் கெடா சயாமின் மேலாண்மையிலிருந்து பிரிட்டிஷார் கைக்கு மாறியதை ஒட்டிய பத்தாண்டுகளில், மாநிலத்தின் தென்பகுதி பால்மரத் தோட்டங்களாக உருமாறியது. அவ்வுருமாற்றத்தின் பெரும் உழைப்பு தமிழருடையது. அதிகாலைப் பிரட்டு, மங்கு, வாளி, காண்டா, நெற்றி விளக்கு, ஆயாக்கொட்டகை, லயத்துக் குழாயடி என்று ஒரு முழு வாழ்க்கை அங்கு நிகழ்ந்தது. 1947இல் பீடோங் வட்டாரத் தோட்டங்களில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளுக்கு எதிராக எழுந்த வரலாறும் அம்மண்ணுக்கு உரியதே. நெல்லுக்கு அமைந்தது போன்ற ஒரு கூடத்தைப் பால்மரத்தின் உழைப்பிற்கு நாம் கெடாவில் கண்டதில்லை. சீ. முத்துசாமி, கோ. புண்ணியவான் முதலிய கெடா எழுத்தாளர்களின் புனைகதைகளே இன்றுவரை அவ்வாழ்வின் பேழைகளாக இருந்து வருகின்றன. கடாரம் பற்றிய எழுத்தும் தோட்டம் பற்றிய எழுத்தும் நம் இலக்கியத்தில் பெரும்பாலும் தனித்தனியே ஓடுகின்றன. அவ்விரண்டும் ஒரே மண்ணின் மேலடுக்கும் கீழடுக்குமாக உள்ளன என்பதைச் சுங்கை பத்துத் தோட்டமே காட்டிவிட்டது. செம்பனையின் வேர் இரும்புக் கசட்டின்மீது இறங்கியிருக்கும் இடம் அது.

மெர்போக் அருங்காட்சியகம் தொல்லியலுக்கு உரியது. அது தோட்ட வாழ்வைக் காட்டவில்லை என்று குறைகூறுதல் அதன் எல்லையை மறந்து பேசுவதாகும். ஆனால் ஒவ்வொரு தொல்லிடமும் கண்டெடுக்கப்படும்வரை யாருடைய காலடியில் கிடந்தது என்னும் ஒரு வரியைச் சேர்ப்பது எந்த எல்லையையும் மீறாது. 'இன்ன தோட்டத்தில் கிடைத்தது' என்று எழுதும்போது, அத்தோட்டத்தில் வாழ்ந்தோர் யாவர் என்று மேலும் ஒரு வரி எழுதினால், வரும் பேரனுக்குத் தன் பாட்டி நிற்பதற்கு அக்கூடத்தில் ஓர் இடம் கிடைக்கும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. கட்டணமின்மை மட்டும் ஓர் அருங்காட்சியகத்தை எளியவருக்குத் திறந்துவிடுவதில்லை. போக்குவரத்தும், பார்க்கத் தெரிந்த கண்ணும் உடன் வேண்டும். குடியேற்றப் பெருமிதம், உரிமை இழந்த மனக்குறை ஆகிய இரண்டும் பார்வையாளரைப் பொருளிலிருந்து விலக்குகின்றன. செய்த கையைத் தேடும் வாசிப்பே அவரைப் பொருளிடம் கொண்டுசேர்க்கின்றது. அவ்வாசிப்பை வளர்க்கும் கடமை அருங்காட்சியகத்திற்கு மட்டுமன்றித் தமிழ்க் கல்வித்துறையினராகிய நமக்கும் உரியது.

இதற்குப் பெரும்பொருள் தேவையில்லை. கெடாவின் தமிழ்ப்பள்ளி ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒருமுறை ஒரு பேருந்தை அமர்த்தி, மாணவரோடு அவர்தம் தாத்தா பாட்டியரையும் ஏற்றிச் செல்லலாம். மெர்போக்கில் ஒரு காலைப்பொழுது, சுங்கை பத்துவில் ஒரு மணி நேரம், ஓடையோரத்தில் கட்டுச்சோறு என்று அந்நாள் அமையலாம். மாணவர் பலகையைப் படிக்கட்டும். முதியோர் கல்லைப் படிக்கட்டும். இருவரும் கூறியதை ஆசிரியர் எழுதிவைத்துக்கொள்ளட்டும். அவ்வாறு எழுதப்படும் ஏடுகளைத் தொகுத்து ஆராயும் பணியை இத்துறையின் மாணவர்கள் மேற்கொள்ளலாம். பெரிய நூல்களில் இடம்பெறாத ஓர் அருங்காட்சியக விளக்கம் அவற்றிலிருந்து உருவாகும். அடுத்த முறை ஒரு மண்வாரி இயந்திரம் ஏதேனும் ஒரு தோட்டத்துக் கல்மேட்டை நெருங்கும்போது, அதன் பெயரும் எண்ணும் அறிந்த ஒருவரேனும் அங்கு இருப்பார்.